மூன்றாவது ட்ரேயின் சர்க்கரை

1

இந்தக் கதையை ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் நழுவவும் பார்ப்பேன். நீங்கள்தான் விடக் கூடாது.

முதல் வரியாக வந்தது இது: 'புகையிலைச் செடிக்கு மனிதர்களைக் காப்பாற்றும் எண்ணம் எதுவும்—' அடித்துவிட்டேன். செடியை வைத்து அழகு காட்டுகிற நேரமில்லை. மணி எட்டே முக்கால். பத்து மணிக்கு ஊசி.

2

இடம் பிரிட்டோரியா. புகையிலைச் செடியின் இலையில் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யும் ஒரு சின்ன ஆய்வகம். கதை கென்சானியுடையது. முப்பத்தொரு வயது. மருந்துக்கான மரபுத் துண்டைச் சுமக்கும் பாக்டீரியா கலந்த நீரில் செடிகளைத் தலைகீழாக முக்கி எடுப்பது அவள் வேலை. ஆறு நாளில் இலை மருந்தைச் செய்துவிடும்.

அந்த மருந்து ஒரு புரதம். (பாடம் நடத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். இது தெரியாவிட்டால் கென்சானி ஏன் அழுதாள் என்பது விளங்காது.) செடியின் உயிரணுவில் புரதம் உருவாகும் முதல் அறையிலேயே அதன்மேல் ஒரு சர்க்கரைக் கொத்தை ஒட்டிவிடுகிறார்கள். 'கிறார்கள்' என்று எழுதிவிட்டேன், அங்கே ஆள் யாரும் இல்லை. ஒட்டிக்கொள்கிறது. அதுவரை நமக்கும் செடிக்கும் ஒரே வழக்கம்தான். பிறகு சிறு குமிழிகள் புரதத்தை ஏற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகின்றன. அங்கே செடி தனக்கே உரிய சர்க்கரைகளைச் சேர்க்கிறது. மனித உடம்பில் இல்லாத சர்க்கரைகள். அதனால் புரதத்தின் கடைசியில் ஒரு வால்* சேர்த்து அனுப்புகிறோம். முதல் அறையைத் தாண்டினால் அந்த வால் அதைத் திரும்ப இழுத்து வந்துவிடும்.

* நான்கே நான்கு அமினோ அமிலம். இவ்வளவு சின்னதை நம்பித்தான் மனிதர்களுக்கு ஊசி போடுகிறோம்.

வால் உள்ள மரபுத் துண்டு பச்சை மூடிக் குப்பியில் இருக்கும். வால் இல்லாதது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பது, நீல மூடிக் குப்பியில். ஜூலையில் பச்சை மூடி தீர்ந்துபோனது. வால் உள்ள குப்பிக்கும் நீல மூடியையே போட்டு, மேலே பச்சை மையால் ஒரு புள்ளி வைத்தோம். எங்கள் ஆய்வகத்தில் எதையும் ஆல்கஹால் தெளித்துத் துடைத்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். ஆல்கஹால் பட்டால் மை நிற்காது. இது தெரியாதவர் எங்களில் ஒருவரும் இல்லை. மூன்றாவது ட்ரே செடிகளுக்காகக் கென்சானி குப்பிப் பெட்டியைத் திறந்தபோது, புள்ளி இல்லாத இரண்டு நீல மூடிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றை எடுத்தாள்.

3

வில்சன் சித்தோலேயைக் கதைக்குள் கொண்டுவரத் தயக்கமாக இருக்கிறது. பரிதாபத்துக்கென்றே ஒருவரைக் கூட்டிவருவது மலிவான வேலை. ஆனால் மனிதர் நிஜமாகவே கீழே காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறார், நான் என்ன செய்ய. பக்கத்துப் புகையிலை நாற்றுப்பண்ணையில் பதினோரு வருடம் தண்ணீர் விட்டவர். பூக்கிற மாதமெல்லாம் தும்முவார். மனிதர்மேல் சோதித்துப் பார்க்கும் முதல் ஊசிக்குச் சம்மதித்தவர் அவர்தான்.

காலையில் கென்சானி அவரைப் படிக்கட்டில் பார்த்தாள்.

"என்ன மலுமே, இவ்வளவு சீக்கிரம்?" மாமாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"டாக்ஸிக்காரன் பறந்துட்டான்மா. நீ ஏன் முகம் வெளுத்து நிக்கிற? ஊசி எனக்கா, உனக்கா?"

"சாப்பிட்டீங்களா?"

"நாலு வெட்கூக் ரொட்டி, பொரிச்ச எண்ணெய் சொட்டச் சொட்ட. செத்தாலும் பசியோட சாகக் கூடாதுல்ல?" வயிறு குலுங்கச் சிரித்தார். தும்மினார்.

பதினோரு வருடம் அந்த மகரந்தத்தை மூச்சில் இழுத்தவர். செடியின் சர்க்கரையை அவர் ரத்தம் முன்பே பார்த்துப் பகைத்து வைத்திருக்கலாம்.

[இங்கே எனக்கே ஒரு சந்தேகம். அப்படிப் பகைத்த உடம்பும் பெரும்பாலும் சும்மா இருந்துவிடும் என்கிறார்கள். தொண்டை வீங்கி விழுகிறவர் எத்தனை பேரில் ஒருவர் என்று எனக்குத் தெரியாது. அவர் விழுந்தால் கதைக்கு வசதி. அந்த வசதி எனக்கு வேண்டாம்.]

4

சான்றிதழுக்கான சோதனையை முதல் ட்ரேயில்தான் செய்தார்கள். சுத்தம் என்று வந்தது. அதன்பின் மூன்று ட்ரே இலைகளையும் சேர்த்து அரைத்து ஒரே மருந்தாக்கினார்கள். கென்சானிக்கு மட்டும் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவது ட்ரேயில் மிச்சமிருந்த இலையை நேற்றுச் சோதனைக்கு வைத்தாள். செடியின் சர்க்கரை இருந்தால் கறுப்புக் கோடு விழும். இன்று காலை விழுந்திருந்தது.

'அவள் கைகள் நடுங்க—' இல்லை, நடுங்கவில்லை. கையுறையைக் கழற்றாமலே அழுதாள். முழங்கையால்தான் கண்ணைத் துடைக்க முடிந்தது.

கியானி என்ற ஊருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அவளுடைய அக்கா மகள் இருந்தாள். பெயர் ட்சகானி, ஒன்பது வயது. நாய் கடித்த அன்று அங்கிருந்த மருத்துவ நிலையத்தின் ஃப்ரிட்ஜில் இந்த மருந்து இல்லை. கடைசி நாட்களில் தண்ணீர்க் கோப்பையைக் கண்டாலே பிள்ளை அலறினாள். அந்த ஃப்ரிட்ஜ் இனிக் காலியாக இருக்கக் கூடாது என்றுதான் கென்சானி இந்த வேலைக்கே வந்தாள். இன்று அவள் வாய் திறந்தால் மருந்து முழுவதையும் கொட்டிவிடுவார்கள். டிசம்பரோடு திட்டமும் முடிகிறது. மறுபடி செய்ய யாரும் விடமாட்டார்கள்.

இருந்தும் சொல்லிவிடுவது என்று எழுந்தாள். அவள் இடத்தில் நானாக இருந்தால் எழுந்திருக்க மாட்டேன்.

5

முடிவு ஒன்று. பேராசிரியர் மபுண்டாவின் கதவைத் தட்டுகிறாள். "மூணாவது ட்ரே தப்பு, ப்ரொஃபசர்." அவர் பதிவேட்டைப் புரட்டுகிறார். "வால் உள்ள குப்பின்னு எழுதியிருக்கு. சாட்சிக் கையெழுத்தும் இருக்கே. உன் சோதனையிலதான் ஏதாவது கலந்திருக்கும். பயப்படாம போ." பத்து மணிக்கு ஊசி.

முடிவு இரண்டு. அவள் பேசவில்லை. பத்து மணிக்கு ஊசி. வில்சன் ஒரு தடவை தும்முகிறார். இரண்டாம் தடவை—

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதற்கு அந்தச் சாட்சி வேண்டும். குப்பியை எடுக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்து, 'பார்த்தேன்' என்று கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை டீ குடிக்கும்போது ஒரு பக்கம் முழுக்க மொத்தமாகப் போட்டுத் தள்ளுவது வழக்கம்.

6

எட்டரை மணிக்குக் கென்சானி என் மேசைக்கு வந்தாள். அக்கா என்பதற்கு அவள் என்னை 'சிசி' என்பாள்.

"சிசி, அந்தக் குப்பியை நீங்க பார்த்தீங்களா?"

"எந்தக் குப்பி?"

"நடிக்காதீங்க. கையெழுத்து உங்களோடது."

"மொத்தமாப் போட்டிருப்பேன். எல்லாரும் போடுறதுதானே?"

"அதையே எழுதிக் குடுங்க, 'நான் பார்க்கலை'ன்னு. நான் மட்டும் சொன்னா எடுபடாது."

"பதினாறு வருஷ வேலைடி இது. என் பெயரு என்ன ஆகும்?"

"அவரு வெட்கூக் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்காரு, சிசி."

படிவத்தை வைத்துவிட்டுப் போய்ப் பேராசிரியரின் கதவருகே நின்றாள். இப்போதும் நிற்கிறாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்பக்கத்தில் இருப்பது இதுதான்: பதிவேட்டைத் திருத்தக் கோரும் படிவம். கீழே இரண்டு கோடுகள். ஒன்றின்மேல் கென்சானியின் கையெழுத்து. மற்றதில் ஓடியிருக்க வேண்டிய பேனாதான் ஒரு மணி நேரமாக இங்கே கதை எழுதிக்கொண்டிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது, அதுதான் கூடுதல்.

மணி ஒன்பது ஐம்பது. கீழே யாரோ தும்முகிறார்கள். பின்பக்கத்தில் இடம் தீர்ந்துவிட்டது.

இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்கள் கையில் இருப்பதும் அந்தத் தாள்தான். திருப்பி, அந்த இரண்டாவது கோட்டைப் பாருங்கள்.