நிற்கவா என்று கேட்கும் வரி

வடிவம்மாளின் கணவர் இசக்கிமுத்து செவ்வாய்க்கிழமையிலிருந்து குடிநீர் அலுவலகத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அவரை நடக்கவைத்த, அவள் எழுதிய ஸ்கிரிப்டில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் எப்போது முடிய வேண்டும் என்று சொல்லும் வரி விட்டுப்போயிருந்தது. இன்று வெள்ளி. அலுவலகத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன மாதம் சர்வேயர் ஒருவர் இதேபோல் ஒன்பது நாள் சுற்றினார்.

கணினிக்கு வரிவரியாக உத்தரவு எழுதிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்டை வடிவு நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை என்றார்கள்.

நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அவர் ஜன்னலைக் கடந்தார்.

"முடிஞ்சிட்டா வடிவு?"

"இன்னும் இல்லங்க."

"சரி, மெதுவா பாரு."

புதன்கிழமையே அவர் செருப்பு தேய்ந்துவிட்டது. இப்போது அவளுடையதைப் போட்டிருந்தார். குதிகால் வெளியே நின்றது.

"அப்படியே நிறுத்திர முடியாதா மேடம்?" என்று பயிற்சி தரும் ஜெசிந்தாவிடம் கேட்டாள்.

"நிறுத்தலாம். நின்ன எடத்துலயே நின்னுருவாரு. சர்வேயர் இன்னும் பம்பு ரூம் கிட்டதான் நிக்காரு. இவர்கிட்ட கேட்டு, பதில் வாங்கித்தான் முடிக்கணும்."

வடிவு எழுதினாள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 'நிற்கவா?' என்று கேள். ஆம் என்றால் வீட்டுக்கு அனுப்பு. இல்லை என்றால் நடக்க விடு. கீபோர்டை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

அவர் வந்தார். திரையை நெடுநேரம் பார்த்தார். ஒற்றை விரலால் அடித்தார்: தெரியல.

ஸ்கிரிப்ட் அதை ஏற்கவில்லை. அவர் நடந்தார். அடுத்த சுற்றிலும் அதையே அடித்தார்.

"ஏங்க, ஆமான்னு அடிச்சா வீட்டுக்குப் போயிரலாம்."

"போயி?" என்றார். "மில்லு மூடி ஆறு வருசமா சும்மாதான இருக்கேன். இங்க நடக்கவாவது செய்யுதேன்."

"அப்ப இல்லன்னு அடிங்க."

"காலு வலிக்கி வடிவு."

அவர் மூலை திரும்பினார். இந்த ஆறு வருடத்தில் அவரிடம் அவள் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை.

"ரெண்டு பதில்தான் செல்லும்," என்றாள் ஜெசிந்தா. "மத்ததெல்லாம் பிழை."

வடிவு மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தாள். தெரியல என்றால் உட்கார வை.

"இது பாடத்துல இல்லியே."

"தெரியும் மேடம்."

அவர் வந்தார், அடித்தார். ஸ்கிரிப்ட் ஏற்றுக்கொண்டது. முழங்கால் இரண்டும் சொடுக்க, ஜன்னலுக்குக் கீழே ஜல்லியில் உட்கார்ந்தார். வடிவு வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உள்ளே ஸ்கிரிப்ட் அடுத்து எதுவும் கேட்கவில்லை. அடுத்த கேள்வியை அவள் இன்னும் எழுதியிருக்கவில்லை.