மூன்றரை மணி நேரப் பாதை

எங்கள் தீவில் வீம்புக்குப் பஞ்சமில்லை. எந்த ஊர்ப் பாதை அதிகக் கஷ்டம் என்பதில்கூடப் போட்டி. நடைபாதைகளையெல்லாம் சுலபம், நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்துப் பலகை நடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், எங்கள் சாவ் ஜோர்ஜ் தீவின் எல்லாக் காப்பிக் கடைகளிலும் அதே பேச்சாகிவிட்டது. கலங்கரை விளக்கத்துப் பாதைக்குச் 'சுலபம்' என்று போட்டதற்காக அந்த ஊர்க்காரர்கள் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். பெண் கொடுக்க மாட்டேன் என்று யாரோ சொல்லிவிட்டது போல.

நானும் அந்தக் கூத்தில் இறங்கினேன். எனக்குக் காரணம் என் கிடாரி.

நாங்கள் இருப்பது மலையின் காலடியில். எந்தக் காலத்திலோ எரிமலைக் குழம்பு செங்குத்தாக இறங்கிக் கடலுக்குள் போய் உறைந்ததில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அதுதான் எங்கள் ஃபஜா. பதினோரு வீடுகள். எண்பதாம் வருஷத்து நிலநடுக்கத்துக்குப் பிறகு விளக்கு எரிவது இரண்டில்தான்: ஒன்று என்னுடையது, மற்றது எர்மீனியுவுடையது. சாலை கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. கோயில், கடை, கல்லறை எல்லாம் எழுநூறு மீட்டர் மேலே.

அந்தப் பாதையில்தான் வெளிநாட்டுக்காரர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். வரட்டும். ஆனால் வந்தவர்கள் சேப்பங்கிழங்குப் பாத்தியில் கால் வைத்தார்கள். கொடியில் காய்கிற என் உள்ளாடையைப் படம் பிடித்தார்கள். ஒரு நாள் எவனோ மாட்டுப் படலைச் சாத்தாமல் போய்விட, என் கிடாரி மிமோசா வெளியே வந்து விளிம்பில் புல் மேயப் போய்க் கடலில் விழுந்துவிட்டது. நானும் எர்மீனியுவும் மூன்று நாள் அதன் உடலைப் பாறைகளுக்கிடையே பார்த்துக்கொண்டே இருந்தோம். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி ஒருத்தன் இறங்கக் கூடாது.

அளக்க வந்தவள் மரீலியா என்ற சின்னப் பெண். கையில் ஒரு கருவி, தோளில் ஒரு தண்ணீர் பாட்டில். இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கி வந்து என் வாசல் சுவரில் உட்கார்ந்தாள்.

"ஐயா, ஏற ஒண்ணேமுக்கால் மணி நேரம் ஆகுது. நடுத்தரம்னு போட்டுடலாமா?"

"யாரும்மா சொன்னது? மூணரை மணி நேரம்."

"நானே இப்பதான் நடந்து பார்த்தேன்."

"நீ தண்ணி பாட்டிலைத் தூக்கிட்டு நடந்த. சவப்பெட்டியைத் தூக்கிட்டு நடந்து பாரு."

இது பொய்யில்லை. எங்கள் ஃபஜாவில் பாதையின் நேரத்தைச் சுமையை வைத்துத்தான் சொல்வோம். பால் கேன் என்றால் இவ்வளவு, திராட்சைரசப் பீப்பாய் என்றால் இவ்வளவு. வெறுங்கையோடு ஏற எவ்வளவு ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் வெறுங்கையோடு ஏறியதில்லை. என் மனைவி பெர்பெதுவாவை ஆறு பேர் தூக்கிக்கொண்டு ஏறியபோது மூன்றரை மணி நேரம் ஆனது. ஒன்பது இடத்தில் இறக்கி வைத்தோம். அந்தக் கணக்கைத்தான் சொன்னேன்.

எர்மீனியு ஒத்து ஊதினான். "ஆமாம்மா. போன வருஷம் ஒரு ஜெர்மன்காரன் நாக்கு தள்ளிட்டான். அவனைத் தூக்கிட்டுப் போனதுல என் முதுகே போச்சு."

"அதையும் போடும்மா," என்றேன் நான். "இதயக் கோளாறு இருக்கிறவங்க இறங்கவே கூடாதுன்னு கொட்டை எழுத்துல போடு."

மரீலியா கருவியை மடியில் வைத்தாள். மிமோசா கதை அவளுக்கும் தெரியும். "சரி, ஐயா. உங்க வீடு, உங்க பாதை," என்று எழுதிக்கொண்டாள். கடினம். ஏறுவதற்கு மூன்றரை மணி நேரம். இதய நோயாளிகள் தவிர்க்கவும். பலகை மேலே வந்து நின்ற அன்று நானும் எர்மீனியுவும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு, முதுகில் கிழங்கு மூட்டையோடு, மேலே போகும்போதுதான் காப்பிக் கடையிலிருந்து மகளுக்குப் போன் போடுவேன். இதலீனா கலிபோர்னியாவில் இருந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வயதில் போனவள், இருபது வருஷமாக நேரில் பார்க்கவில்லை. அம்மா சாவுக்குக்கூடக் காகிதங்கள் சரியாக இல்லாமல் வர முடியவில்லை. அந்த வாரம் பலகைக் கதையை அவளிடம் பெருமையாக அளந்தேன்.

"இதய நோயாளிங்க வரக்கூடாதுன்னு நான்தான் போடச் சொன்னேன். எப்படி உங்கப்பன் மூளை?"

அவள் சிரித்தாள். "மூளைக்கு என்ன குறைச்சல்ப்பா உங்களுக்கு. நிஜமாவே மூணரை மணி நேரமா? நான் அங்க இருந்தப்ப மணி பார்த்து ஏறினதே இல்லையே."

"உங்கப்பன் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கானா?"

"இல்லப்பா," என்றாள்.

அவள் நெஞ்சைத் திறந்து ஏதோ வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. கிழவன் கவலைப்படுவான் என்று மறைத்திருக்கிறாள். குரல் மெலிந்திருக்கிறதே என்று கேட்டால், "பசு மாடு எண்ணூறு இருக்குப்பா, நிக்க நேரமில்ல," என்பாள்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை. நானும் எர்மீனியுவும் முழங்கால் தண்ணீரில் நின்று சேப்பங்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தோம். மேலே முதல் திருப்பத்தில், கீழே எங்கள் கூரைகள் தெரிகிற இடத்தில், இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் மஞ்சள் மழைக்கோட்டு. அங்கிருந்து பார்த்தால் ஆள் கட்டைவிரல் உயரம்தான் இருப்பான். மஞ்சள் கோட்டு கையை ஆட்டியது. நிறுத்தவே இல்லை.

"டேய் லவுரியானு, உனக்குத்தான்டா கை காட்டுது. திருப்பிக் காட்டு, காசா பணமா?"

"ஊர் சுத்த வந்ததுக்கெல்லாம் நான் எதுக்குடா கை காட்டணும்? பாரு, இறங்காம நிக்குது. பலகை வேலை செய்யுதுடா!"

எர்மீனியு மண்வெட்டியை உயர்த்தி ஆட்டப் போனான். நான் அவன் கையைப் பிடித்து இறக்கினேன். "இடம் குடுத்தா மடத்தையே புடுங்குவானுங்க," என்று சொல்லிவிட்டு, மேலே இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்றே முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். ஒரு மணி நேரம் போல அந்த மஞ்சள் அங்கேயே இருந்தது. பிறகு மூடுபனி இறங்கி எல்லாவற்றையும் மூடியது.

பனி மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் விலகியது. மதியம் ஒன்றேமுக்காலுக்கு மேலூர் டாக்சிக்காரன் பெல்மீரு, பாதையில் கால் வைத்தே அறியாத தொப்பையன், ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி என் வாசலில் வந்து விழுந்தான். பேச்சு வர ஒரு செம்பு தண்ணீர் தேவைப்பட்டது.

"உங்க பொண்ணு வந்திருக்காங்கண்ணே. நேத்து மேல நின்னுச்சே, நீங்க பாக்கலையா?"

என் கையிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது.

"சொல்லாம வந்து உங்க மூஞ்சியைப் பாக்கணும்னு வந்துச்சாம். புயல்ல தெர்சேய்ரா தீவுலயே அஞ்சு நாள் மாட்டிக்கிச்சு. இங்க மிச்சம் ஒண்ணரை நாள்தான். பலகையை ரெண்டு தடவை படிச்சுது. நெஞ்சுல ஏதோ வச்சிருக்காங்களாம்ல? மாப்பிள்ளை வேணாம் வேணாம்னாரு. நான்கூடச் சொன்னேன், பலகையில ஆயிரம் எழுதுவானுங்க, ஜனங்க போய்ட்டுத்தான் வருதுன்னு. அதுக்கு அது, எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு, அவர் மூணரைன்னா மூணரைதான், டாக்டர்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்னு நின்னுடுச்சு."

"கை காட்டுனது..."

"ஆமாண்ணே. நீங்க திரும்பி நின்னதும் சிரிச்சுது. வெளியூர்க்காரங்கன்னு கோவம், அதேதான் எங்கப்பான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. அப்புறம் அழுதுச்சு. காலையிலயே வந்து உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பனியில நான் எங்கண்ணே இறங்குறது? இனி நீங்க ஏறினாலும் மூணரை மணி நேரம், அஞ்சேகால் ஆயிடும். வேலாஷ் துறைமுகத்துல கப்பல் நாலு மணிக்கு. பெட்டியையாவது குடுத்துடலாம்னுதான்..."

அவன் முடிப்பதற்குள் நான் படலைத் தாண்டியிருந்தேன். எழுபத்தோரு வயது. சேற்றுக் காலோடு, செருப்பில்லாமல், வாழ்க்கையில் முதல் முறையாக வெறுங்கையோடு அந்தப் பாதையில் ஏறினேன். பெர்பெதுவாவை இறக்கி வைத்த ஒன்பது இடங்களையும் நிற்காமல் கடந்தேன். நெஞ்சு வெடித்தால் வெடிக்கட்டும், மேலே போய் வெடிக்கட்டும் என்று ஏறினேன். உச்சியில் கோயில் கடிகாரத்தில் மூன்றாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஒரு மணி ஐந்து நிமிடம். பலகை அங்கேயே நின்றது. அதை ஒரு உதை விட்டேன்.

பெல்மீருவின் டாக்சியும் நின்றது. சாவி அவனோடு கீழே இருந்தது. சாவி இருந்திருந்தாலும் எனக்கு ஓட்டத் தெரியாது. பால் வண்டி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டது. நல்ல மனிதன், ஆனால் பாலை விட்டுவிட்டுப் போக அவனால் முடியுமா? ஒவ்வொரு தொழுவத்திலும் கேன் ஏற்றினான். நானும் இறங்கி இறங்கி ஏற்றினேன், சீக்கிரம் முடியட்டும் என்று. வேலாஷ் போய்ச் சேர்ந்தபோது நாலு இருபது. கப்பல் எதிர்த் தீவின் பீக்கு மலைக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. தளத்தில் மஞ்சளாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர் இருந்தால் எதுவும் தெரியாது. தொப்பியைக் கழற்றி ஆட்டினேன். துறைமுகத்துக் காவலாளி வந்து, "தாத்தா, அது இனிமே திரும்பாது," என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன். இரண்டு பேரும் அழுதோம். கப்பலில் ஏறும்போது மயக்கம் வந்ததாம், இப்போது பரவாயில்லையாம். பிறகு அவள் கேட்டாள்.

"நீங்க துறைமுகத்துக்கு ஓடி வந்தீங்கன்னு பெல்மீரு மெசேஜ் போட்டிருக்காரு. ஏற எவ்வளவு நேரம்ப்பா ஆச்சு?"

ஒரு மணி ஐந்து நிமிடம் என்று சொல்லியிருக்கலாம். மரீலியா ஒன்றேமுக்கால் என்றாள் என்று சொல்லியிருக்கலாம். நீ இடையிடையே உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல வந்திருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்த மயக்கத்தோடு அவள் அதையும் சுமக்க வேண்டும்.

"மூணரை மணி நேரம் ஆச்சும்மா," என்றேன்.

"பாத்தீங்களா? இவர்கிட்ட அன்னிக்கே சொன்னேன்ப்பா, எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு." குரலில் அவ்வளவு நிம்மதி. "அடுத்த செப்டம்பர்ல நீங்க மேல வந்து நில்லுங்க, நான் அங்கேயே வந்து பாக்குறேன்."

அடுத்த செப்டம்பர் என்று ஒன்று அவளுக்கு இல்லை. பிப்ரவரியில் மருமகன் காப்பிக் கடைக்குப் போன் செய்து சொன்னான். கடைக்காரனே இறங்கி வந்து என்னிடம் சொன்னான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். அவள் கொண்டுவந்த பெட்டியில் ஒரு ஜோடி நடைச் செருப்பு இருந்தது, என் அளவு. "முட்டி வலிக்காம ஏறுறதுக்கு" என்று சீட்டு. நான் அதைப் போடவில்லை.

வசந்தத்தில் மரீலியாவை வரவழைத்தேன். நான் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை, யாரோ அவளிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். புதுப் பலகையை அவளே வண்டியில் கொண்டுவந்தாள். நடுத்தரம், ஏறுவதற்கு ஒன்றேமுக்கால். பழையதைப் பிடுங்கும்போது என்னால் பார்க்க முடியவில்லை. "இது உங்க தப்பில்லை, ஐயா. எழுதினது நான்," என்றாள். நல்ல பெண். ஆனால் சொன்னது யார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது மேலே அந்தத் திருப்பத்தில் யார் வந்து நின்றாலும் மண்வெட்டியைப் போட்டுவிடுகிறேன். சேற்றிலிருந்து வெளியே வந்து, மறைக்கிற மரம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, தொப்பியைக் கழற்றி ஆட்டுகிறேன். அவர்கள் திருப்பி ஆட்டும்வரை விடுவதில்லை. எர்மீனியு இதைக் கிண்டல் செய்வதில்லை. ஊரில் எதையும் விட்டுவைக்காத அவன் வாய் இந்த ஒன்றில் மட்டும் மூடிக்கொள்கிறது.

"வாங்க, வாங்க! ஒரு மணி நேரம்தான்! கஷ்டமே இல்ல, மெதுவா வாங்க!" என்று கத்துகிறேன். அலைச் சத்தத்தில் மேலே ஒன்றும் கேட்காது. எர்மீனியுவுக்கும் அது தெரியும். அவனும் என் பக்கத்தில் வந்து நின்று கத்துகிறான்.