கேட்டுத் தூணில் சாவி

காலை ஆறரைக்கு ஜெர்சன் வக்கீல் ஜெபசுதாவின் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பான். வண்டிச் சாவியைக் கேட்டுத் தூணின் மேல் வைப்பான். ஜெபசுதா ஈரத் தலையில் சுற்றிய துண்டோடு வந்து, கையடக்கமான கறுப்பு மெஷினை நீட்டுவாள். அவன் ஊதுவான். அவள் எண்ணைப் பார்ப்பாள். பூஜ்யம் என்றால் அவன் சாவியை எடுத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் சாவி அன்று முழுக்க அவளிடம் இருக்கும். சபை அலுவலகத்துக்குப் போன் செய்து வேறு டிரைவர் பார்க்கச் சொல்வாள். உள்ளே அவள் கணவன் நேசக்குமார் பால் காய்ச்சுவான். தோசை ஊற்றுவான். இரண்டு பேர் சட்டைக்கும் இஸ்திரி போடுவான். ஏழரைக்கு அவள் கோர்ட்டுக்குக் கிளம்புவாள், எட்டுக்கு அவன் கல்லூரிக்கு.

ஜெர்சன் சபையின் சவ வண்டியை ஓட்டுகிறவன். குடித்துவிட்டு ஓட்டியதாக அவன்மேல் மூன்று வழக்குகள். முதல் வழக்கில் அபராதம் கட்டினான். இரண்டாவதில் போலீஸ் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. ஊத வைத்த மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்பதற்கும் அவர்களிடம் தாள் இல்லை. ஜெபசுதா அதைச் சொல்லி விடுதலை வாங்கினாள். மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. தோற்றால் லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு. காலையில் வந்து ஊத வேண்டும் என்பது அந்த வழக்கை எடுக்க அவள் போட்ட நிபந்தனை. மெஷினை அவளே வாங்கினாள்.

நேசக்குமாருக்கு அது பிடிக்கவில்லை. பல தடவை சொல்லியிருக்கிறான்.

“நீ பேசி அவன வெளிய கொண்டு வந்துருவ. நாளைக்கு எவனையாவது அடிச்சுப் போட்டான்னா?”

“போலீஸ் வேலைய ஒழுங்கா செய்யலன்னு கோர்ட்டுல சொல்லுதேன். அது என் தொழிலு. அவன் யாரையும் அடிச்சுப் போட்டுறக் கூடாதுன்னு இங்கன வந்து நிக்கேன். அது தொழிலு இல்ல.”

“உனக்குப் பைத்தியம்.”

“இருக்கட்டும். தோசை கருகுது பாருங்க.”

செவ்வாய்க்கிழமையும் ஜெர்சன் வந்தான், ஊதினான், போனான். ஏழரைக்கு நேசக்குமார் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தான். ஜெபசுதா வாசலில் நின்று ஒன்று சொன்னாள். அவன் நுரைக்குள்ளிருந்து “ம்” என்றான். அடுத்து ஸ்கூட்டர் விழுந்த சத்தம் கேட்டது.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் கண் திறக்கவே இல்லை. சாயங்காலம் இறந்துபோனாள். முப்பத்தொரு வயது.

புதன்கிழமை காலை பெட்டி ஹாலில் இருந்தது. எட்டு மணிக்கு எடுத்து நாசரேத்தில் அடக்கம் என்று அவளுடைய அண்ணன் பிரைட்டன் முடிவு செய்திருந்தான். நேசக்குமாரை யாரும் கேட்கவில்லை. பிரைட்டன் ராத்திரி முழுக்க நண்பர்களோடு மொட்டை மாடியில் இருந்தான். இப்போது வெள்ளைச் சட்டை போட்டு, போனில் அவளுடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தான். ஆராதனையில் வாசிக்க வேண்டும்.

“மாப்ள, சுதா கடைசியா என்ன சொன்னா? அதுதான் எல்லாரும் கேப்பாவ.”

நேசக்குமார் பெட்டிமேல் உதிர்ந்த பூவை எடுத்துப் போட்டான்.

“ஜெபம் பண்ணினாளா? வசனம் கிசனம் எதும் சொன்னாளா?”

“இல்ல.”

“அப்படிப் போட முடியுமா? ஜெபித்தபடியே கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்னு போட்டுருதேன்.”

பிரைட்டன் வாயில் பாக்கு மணத்தது. பாக்குக்கு அடியில் வேறொன்றும் மணத்தது.

வெளியே நாற்காலிகளில் சலசலப்பு. ஆறரை மணி. ஜெர்சன் கேட்டுக்கு வெளியே நின்றான். குளித்து, தலை வாரி, கசங்கிய காக்கிச் சட்டை போட்டிருந்தான். சாவியைத் தூண்மேல் வைத்தான்.

பிரைட்டன் போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

“ஏலே, எங்கலே வார? உன் கேசுக்கு அலைஞ்சு அலைஞ்சுதாம்ல எந்தங்கச்சி செத்தா. அவள உன் கையில ஏத்தி விடுவேன்னு நெனச்சியா?”

“ஊதிட்டுப் போயிருதேன், அண்ணாச்சி.”

“செத்த வீட்டுல என்னத்தலே ஊதப் போற? சங்கா?”

பிரைட்டனின் நண்பன் ஒருவன் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டான். பிரைட்டன் ஜெர்சனைக் கன்னத்தில் அறைந்தான். “அடுத்த வாரம் உனக்கு ஜெயிலுதாம்ல. உனக்காவ எவ வந்து பேசுதான்னு பாக்கேன்.”

ஜெர்சன் நகரவில்லை. நேசக்குமாருக்கு அந்த அறை போதாது என்று பட்டது.

அவன் உள்ளே போய் பிரிட்ஜின் மேலிருந்து மெஷினை எடுத்தான். பொத்தானை அழுத்தினான். வெளிச்சம் வரவில்லை. மறுபடி அழுத்தினான். பிறகு டிவி ரிமோட்டைத் தேடி எடுத்து, பின்மூடியைத் திறந்தான். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் குனிந்தாள்.

“டிவி போடப் போறாராக்கும்.”

“சும்மா இரு. அந்தப் பிள்ளைக்கு மூளை கலங்கிட்டு.”

மெஷின் விளக்கு எரிந்தது. அவன் கேட்டுக்குப் போய் அதை நீட்டினான். பெரிய எண்ணாக வரட்டும் என்று நினைத்தான். எல்லோரும் பார்க்கட்டும்.

ஜெர்சன் ஊதினான். நாற்பத்தொன்று. முப்பதைத் தாண்டினாலே கேஸ்.

“தெரியும் சார். ராத்திரி குடிச்சேன்.”

“அப்போ எதுக்கு வந்த?”

“சாவிய வைக்கணும்லா. குடிக்கலன்னா வா, குடிச்சா கண்டிப்பா வான்னு வக்கீலம்மா சொல்லிருக்காவ.”

நேசக்குமார் அவனை அடிக்கவில்லை. கையில் மெஷின் இருந்தது.

சபைப் போதகர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஐயர்தான். “இன்னொரு டிரைவரு மதுரைக்குப் போயிட்டாரே. இப்ப என்ன செய்ய?”

“நான் ஓட்டுதேன் ஐயரே” என்று பிரைட்டன் சாவியை எடுத்தான். “எந்தங்கச்சிய நான் கொண்டு போறேன். ஒரு குடிகாரனும் வேண்டாம்.”

நேசக்குமார் ஊதுகுழலை வேட்டி நுனியால் துடைத்தான். மெஷினைப் பிரைட்டனுக்கு நேராக நீட்டினான்.

“ஊதுங்க மச்சான்.”

“என்னது?”

“சாவிய எடுத்தா ஊதணும்.”

“ஏய், யாருட்ட பேசுத? நான் சபை கமிட்டி மெம்பரு. அவனும் நானும் ஒண்ணா?”

“ஊதுங்க. தெரிஞ்சுரும்.”

உள்ளே பாட்டு நின்றுவிட்டிருந்தது. பிரைட்டனின் அம்மா ஜெயசெல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“விடுங்க தம்பி” என்றார் ஐயர் நேசக்குமாரிடம் மெதுவாக. “துக்கத்துல இருக்காரு.”

“நீங்க ஓட்டுதீங்களா ஐயரே?”

ஐயர் அங்கியின் கையைச் சரிசெய்துகொண்டார்.

“ஊதிருல பிரைட்டா” என்றாள் ஜெயசெல்வி. “குடிக்கலல்லா? ஊதிட்டு ஓட்டு.”

பிரைட்டன் அம்மாவைப் பார்த்தான். அவன் முகம் சிவந்தது.

“பொண்டாட்டிக்குப் பிடிச்ச பைத்தியம் புருசனுக்கும் தொத்திட்டு. இந்த வீட்டு வாசல இனி நான் மிதிச்சேன்னா என்னன்னு கேளுங்க.”

சாவியைத் தூண்மேல் அடித்து வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

நேசக்குமார் குழலை மறுபடி துடைத்தான். அந்த மெஷினில் அவன் ஒரு நாளும் ஊதியதில்லை. அவள் கேட்டதுமில்லை. வாயில் வைத்து, சத்தம் வரும்வரை ஊதினான். நினைத்ததைவிட நேரம் எடுத்தது. பூஜ்யம். அதை ஐயரிடம் காட்டினான். சாவியை எடுத்துக்கொண்டான்.

எட்டு மணிக்கு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பெட்டியை ஏற்றினார்கள். ஜெர்சன் பின்கதவின் கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்து, ஏறுவதற்குக் காலைத் தூக்கினான்.

“நீ பஸ்ல வா” என்றான் நேசக்குமார்.

“சரி சார். ரெண்டாவது கியரு கொஞ்சம் மக்கர் பண்ணும்.”

நேசக்குமார் வண்டியை எடுத்தான். இரண்டாவது கியர் மக்கர் பண்ணியது.

திருச்செந்தூர் சாலையில் உப்பு லாரிகள் எதிரே வந்தன. முள்ளக்காடு தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளப் பாத்திகள். வெயில் ஏறுவதற்கு முன்பே உப்பு கண்ணைக் கூசவைத்தது. சட்டைப் பையில் மெஷின் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. பின்னால் பெட்டியோடு ஜெயசெல்வியும் பிரைட்டனும் உட்கார்ந்திருந்தார்கள். வேறு காரில் வர பிரைட்டனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் வாழ்க்கைக் குறிப்பைத் தாழ்ந்த குரலில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தான். ஜெபித்தபடியே என்ற இடத்தில் குரல் உடைந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடி அதே இடத்தில் நின்றான்.

இடைக் கண்ணாடியைத் தட்டினான்.

“மாப்ள. நெசமாவே என்னதான் சொன்னா?”

எதிரே ஒரு லாரி வந்தது. நேசக்குமார் வேகத்தைக் குறைத்து அதற்கு வழி விட்டான். பின்னால் திரும்பவில்லை.

ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை வாசலில் நின்று அவள் சொன்னாள்:

“அத்தான், மெஷின்ல பேட்டரி தீரப் போகுது. வரும்போது ரெண்டு வாங்கிட்டு வாங்க. நாளைக்கு அவன் வருவான்.”