மூன்று வினாடிக் கதவு

குதிரைப்பாதையின் மேட்டுக் கதவைப் பற்றி லோர்னா மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்கள் பதினொன்று. பதினொன்றும் கிணற்றில் போட்ட கல். 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஒவ்வொரு தடவையும் பதில் மட்டும் தவறாமல் வரும்.

கதவு ஒன்றும் அதிசயக் கதவில்லை. மேட்டில் மேயும் ஆடுகள் சாலைக்கு இறங்கிவிடாதபடி தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வைத்த இரும்புக் கதவு. நடந்து போகிறவனுக்கு அது தோதுதான். குதிரை அப்படியா? தலை நுழைந்து, வயிறு நுழைந்து, பின்பக்கம் வருவதற்குள் கதவு வந்து தொடையில் அறையும். கையை விட்டால் மூன்றே வினாடி. அறை வாங்கிய குதிரை நிற்குமா? மேலே இருப்பவள் எங்கே போய் விழுவாள் என்பது அவளவள் தலையெழுத்து. இதை யோசிக்காமல் ஸ்பிரிங் மாட்டியவன் வாழ்நாளில் ஒரு கழுதைமேல்கூட ஏறியிருக்க மாட்டான்.

அதனால் அந்தக் கதவில் மட்டும், சேர்ந்து வரும் இருவரில் ஒருத்தி இறங்கிப் பிடித்துக்கொள்வாள். மற்றவள் குதிரைமேலேயே கடந்து போவாள். அப்புறம் இறங்கியவள் தன் குதிரையை நடத்திக் கூட்டிவந்து, கதவு மூடியபின் ஏற வேண்டும். அவள் சேணத்தில் உட்காரும்வரை முன்னால் போனவள் அசையக் கூடாது. துணைக் குதிரை நகர்ந்தால் பின்னால் இருப்பது பொறுக்காது. அந்தப் பக்கத்தில் ஐந்து வயதுக் குழந்தையிடம் கேட்டாலும் இதைச் சொல்லிவிடும்.

அறுபத்தொரு வயது லோர்னாவுக்குத் தெரியாதா? தெரியும். நவம்பர் மாதம், காலையிலிருந்து விடாத சாரல். பூட்ஸுக்குள் தண்ணீர், முழங்காலில் குடைச்சல். அன்று இறங்கிப் பிடிக்கும் முறை, எப்போதும் கூடவே சவாரி வரும் தோழி பெரிலுடையது. லோர்னாவின் குதிரை பான்ஸி கடந்து வந்ததும் லாயத்தின் பக்கம் தலையைத் திருப்பியது. வீடு, சூடான டீ, உலர்ந்த காலுறை. பெரில் எப்படியும் வந்துவிடுவாள் என்று லோர்னா கடிவாளத்தைத் தளர்த்திவிட்டாள்.

பத்தடிகூடப் போயிருக்க மாட்டாள். பாதி நுழைந்திருந்த பெரிலின் குதிரை மேஜர், பான்ஸி போவதைப் பார்த்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. பெரிலின் கை கதவை விட்டது. கதவு அதன் பின்தொடையில் அறைய, அது பெரிலைக் கம்பத்தோடு நசுக்கிவிட்டு ஓடியது. இடுப்பெலும்பு இரண்டாக முறிந்தது.

பதினொரு கடிதத்துக்கு அசையாத அலுவலகம் ஒரு இடுப்பெலும்புக்கு அசைந்தது. பிர்ட்டில் என்ற அதிகாரி மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து, சேற்றில் நின்று, கதவை ஆறு முறை விட்டுப் பார்த்தார்.

"மூணு வினாடி. குறைஞ்சது எட்டு இருக்கணும்," என்றார்.

"அதைத்தாங்க நான் மூணு வருஷமா எழுதிட்டிருக்கேன்."

"ஃபைல்ல பார்த்தேன் மேடம்." அவருக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. ஒரு படிவத்தை நீட்டினார். "சாட்சி நீங்க ஒருத்தர்தான். ஆறாவது கேள்விதான் முக்கியம். கூட வந்தவர் நின்னு காத்திருந்தாரான்னு. ஆமான்னா தப்பு கதவுமேல, நாங்க மாத்தியே ஆகணும். இல்லேன்னா சவாரி செஞ்சவங்க கவனக்குறைவுன்னு மேலே ஃபைலை மூடிருவாங்க."

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது இதுதான். லோர்னா படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். "நாளைக்குத் தர்றேன்," என்றாள். மூன்று வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. ஆறாவது கேள்வியை அவள் தன்னிடமே கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள்.

மறுநாள் மருத்துவமனையில் பெரில் தலையணையில் சாய்ந்து, ஆறிப்போன கஸ்டர்டைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. இதை நீ தின்னு. பிளாஸ்டர் போட்டு மிஞ்சினதை இங்க கொடுக்கறாங்க."

லோர்னா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "பெரில், நான் அன்னிக்கு நிக்கலை."

"தெரியும்."

"தெரியுமா?"

"அடியே, நான் விழறதுக்கு முன்னாடி கடைசியாப் பார்த்ததே உன் பான்ஸியோட பின்பக்கத்தைத்தான். மறக்கற மாதிரியான சைஸா அது?"

லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. "படிவத்துல கேக்கறாங்க. உண்மையை எழுதிடறேன்."

"எழுதி? கதவு அப்படியே கிடக்கும். அடுத்த வாரம் எவளாவது குழந்தையைக் குட்டைக் குதிரைமேல ஏத்திக் கூட்டிட்டு வருவா." பெரில் கரண்டியை வைத்தாள். "நான் முந்தாநாளே எழுதிக் கொடுத்துட்டேன். லோர்னா காத்திருந்தாள்னு."

"பொய் சொல்லிட்டியா?"

"அறுபத்தெட்டு வயசுல ஒரு பொய் சொன்னா குத்தமில்லை. கையெழுத்தைப் போட்டுட்டுப் போடி, எனக்கு அசதியா இருக்கு." பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "கொஞ்ச நேரம் நின்னிருக்கலாம்தான் நீ."

லோர்னா படுக்கையோரம் உட்கார்ந்து, ஆறாவது கேள்விக்கு நேரே 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மார்ச்சில் புதுக் கதவு வந்தது. அதற்குள் பெரில் கைத்தடிக்கு வந்திருந்தாள். இனி சேணம் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேஜர் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணைக்குப் போய்விட்டது.

லோர்னா தனியாகத்தான் போனாள். இறங்கவே வேண்டியிருக்கவில்லை. குதிரைமேல் இருந்தபடியே தாழ்ப்பாளை நீக்கித் தள்ளினாள். பான்ஸி தலை, வயிறு, வால் எல்லாம் நிதானமாகக் கடந்து வந்துவிட்டது. கதவு இன்னும் பாதி வழியில் மெல்ல வந்துகொண்டிருந்தது. லோர்னா திரும்பிப் பார்த்து எண்ணினாள். ஆறு, ஏழு, எட்டு. க்ளிக் என்று மூடியது.

பான்ஸி வீட்டுப் பக்கம் தலையை இழுத்தது. லோர்னா விடவில்லை. அறுபத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி கதவை மூடிவிட்டு, கல்லின்மேல் காலை வைத்து, மூச்சு வாங்கி, திட்டிக்கொண்டே சேணத்தில் ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அங்கேயே நின்றாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.