செய்தவருக்கே முதல் அடி

பண்டாரவளையில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அகீல், மிஞ்சுகிற ஸ்பாஞ்சை வீசி எறிய மனமில்லாமல் தொடங்கிய விளையாட்டு அது. பிளாஸ்டிக் குழாய்மேல் ஸ்பாஞ்சைச் சுற்றி வாள் செய்துகொண்டு ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். முதலில் மூன்று அடி கொடுத்தவருக்கு வெற்றி. வளர்ந்த ஆட்களுக்கு வேறு வேலை இல்லையா என்று ஊர் கேட்டது. கேட்டவர்களே ஞாயிறு பின்னேரம் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

விதிகளில் அகீல் படு கறார். அவரவர் வாளை அவரவரே செய்ய வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால், செய்தவரின் வெறுங்கையில் அந்த வாளாலேயே ஓங்கி ஒன்று போடுவான். வலித்தால் சொல்லிவிட வேண்டும், வாள் தள்ளுபடி. தேறிய வாள்கள்தானே என்று கையுறை மெல்லியதாக இருந்தாலும் விட்டுவிடுவான். டவுன்காரர்களுக்கு இது சரிப்பட்டு வந்தது. அவர்கள் தொடுவதற்கு முன்பே கத்துகிற ரகம். வலிக்கிறது என்று சொல்லியே பழக்கமில்லாதவர்களும் ஆட வருவார்கள் என்று அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை.

பூனாகலைத் தோட்டத்திலிருந்து ஜெசிந்தினியும் பவுலினாவும் வந்தார்கள். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒன்றாகக் கொழுந்து பறிப்பவர்கள். குளவி கொட்டினாலும் வாயைத் திறக்காமல் கூடையை நிரப்புகிற வளர்ப்பு. அன்றைக்கு ஜெயிக்கிறவள் கொழும்புப் போட்டிக்குப் போகலாம். ஜெசிந்தினிக்கு அந்த ஆசை காய்ச்சலாகவே பிடித்திருந்தது. கொழும்பைப் பார்ப்பதற்காக அல்ல. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அல்லாமல் வேறெங்காவது ஒருமுறை தன் பெயரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளுடைய வாள் பழைய மெத்தைத் துண்டால் செய்தது. காலை மழையில் நனைந்து ஸ்பாஞ்ச் அமுங்கிப்போய், உள்ளே இருந்த குழாய் விரலுக்குத் தட்டுப்பட்டது. பஸ்ஸில் வரும்போதே அவளுக்கு அது தெரியும்.

அகீல் அவள் கையில் ஓங்கிப் போட்டான். அடி எலும்பு வரைக்கும் இறங்கியது.

"நோவுதா, தங்கச்சி?"

"இல்லைங்க."

அடி விழுந்த சத்தம் அவனுக்கே பிடிக்கவில்லை. இன்னொன்று போட்டான். வேலியோரம் சிரித்தார்கள். அவள் நீட்டிய கையை மடக்காமல், "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். அதற்குக் கைதட்டல் வேறு. வாள் தேறியது. சட்டைக் கையை இழுத்துவிட்டுத் தடிப்பை மறைத்துக்கொண்டாள்.

இறுதி ஆட்டம் பவுலினாவோடு. முதல் அடியே பவுலினாவின் வலது கை விரல்களில் விழுந்தது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. நிறுத்தச் சொன்னால் ஆட்டம் நிற்கும், அவள் சொல்லவில்லை. கையுறைக்குள் நடுவிரல் கோணிக்கொண்டு நிற்பதை ஜெசிந்தினிதான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு, வாளை இடது கைக்கு மாற்றத் தடுமாறிக்கொண்டிருந்தவளின் அதே வலது கையில் இரண்டாவது அடியைப் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள், பாவி.

மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பக்கம் பவுலினாவின் கையுறையைக் கழற்ற முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள்.

"நொந்தா சொல்லணும் தானே?" என்று அகீல் பவுலினாவைத்தான் ஏசினான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் பவுலினா வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிக்கிற கை அது. வேறு பிழைப்பு அவளுக்கு இல்லை.

"ஒன்னய அவரு ரெண்டு தடவ அடிச்சாரே, வலிக்கலையாடி?"

ஜெசிந்தினியின் கை சட்டைக்குள் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"வலிக்கல."

"அப்ப எனக்குத்தான் பூஞ்ச ஒடம்பு," என்றாள் பவுலினா. "நீ ஜெயிச்ச அன்னைக்குப் பாத்து ஒன்னய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போறேன். மனசுல வச்சுக்காத."

"பரவால்ல," என்றாள் ஜெசிந்தினி.