நிழலுக்கு முன் ஒரு பந்தி

கலைவிழாக்காரர்கள் போனில் கேட்டது, அஸ்தமனம் எத்தனை மணிக்கு என்று. கனகலதா சுவரில் தொங்கிய தினக்காலண்டரைப் பார்த்து ஆறு மணி என்றாள். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். விழா அட்டவணையிலும் அப்படியே அச்சாகிவிட்டது: "நிழலுக்கு முன் ஒரு பந்தி. சாந்திகுமார். மாலை ஐந்து முதல் ஆறு வரை."

முதல் நாள் ஐந்து மணிக்கு வெளிநாட்டுக்காரர்களும் உள்ளூர்க்காரர்களுமாக ஒரு கூட்டம் தெருவில் வந்து நின்றது. நீள மேசை, அதன்மேல் வரிசையாக மந்தார இலைகள், அண்டா நிறைய எலுமிச்சை சாதம், எல்லாம் தயார். வெயில்தான் இல்லை. கனகலதா அடுப்படியில் இருந்தபோதே தெரு முழுக்க மலையின் நிழல் வந்து படுத்திருந்தது.

திருவண்ணாமலையில் மலைக்குக் கிழக்கே குடியிருப்பவர்களுக்கு ஒரு நாளில் இரண்டு அஸ்தமனம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவது ஒன்று, காலண்டரில் போட்டிருப்பது இன்னொன்று. நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. மற்றவர்களுக்கு இதனால் துணி காய்வதில் மட்டும்தான் தொந்தரவு. கனகலதாவின் வீட்டில் அப்படி இல்லை. ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்கள். எந்தப் பொழுது என்பதில்தான் வழக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவள் காலண்டர் கட்சி, சாந்திகுமார் மலைக் கட்சி.

"மலை சொல்லிட்டா முடிஞ்சுது" என்று சொல்லித் தட்டைக் கழுவி வைத்துவிடுவார்.

"மலை எங்க சொல்லுச்சு? உங்க வயிறு சீக்கிரமா சொல்லுது" என்பாள் அவள்.

ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர் இந்தச் சண்டையிலிருந்தே ஒரு கலைப்படைப்பை எடுத்தார். தெருவில் வெயிலில் ஒரு மேசை. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மலை நிழல் வந்து மேசையைத் தொடும்வரை சாப்பாடு. தொட்டதும் இலையில் எது மிச்சமிருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பியன்னாலே என்ற அந்தச் சர்வதேசக் கலைவிழாவுக்கு அவர் முதல் தடவையே இதை எழுதிப் போட்டார். அப்போது விழா என்றால் கல்யாண மண்டபம், வெள்ளைத் தட்டி, நாட்டுக்கு ஒரு கொடி. சாப்பாடு கூடாது என்றார்கள். பக்கத்துத் தட்டியில் ஒரு வெளிநாட்டுக்காரர் சர்க்கரையில் சிற்பம் செய்து வைத்திருந்தார், எறும்பு வந்துவிடுமாம். சாந்திகுமார் மேசையின் போட்டோக்களை மட்டும் மாட்டிவிட்டு வந்தார். இரண்டாவது தடவை கொடிகள் போய்விட்டன. விழா மண்டபத்தை விட்டு வீடுகளுக்கும் லாட்ஜ்களுக்கும் வந்தது. அப்போதும் மேசையைப் படமாகத்தான் கேட்டார்கள். மூன்றாவதுக்குத்தான் விழாவே தலைகீழாக மாறியது. தட்டி வேண்டாம், பொருள் வேண்டாம், நடப்பது மட்டும் போதும், கலைஞர் கூடவே இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அவர் கேட்டது எல்லாம் அதுதான். அது வருவதற்குள் போன ஆனியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கலைஞர் இல்லாததால் ஒரு நினைவு அறை வைத்துவிடலாம் என்றது விழாக்குழு. பெரிய போட்டோ, கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் சாப்பிட்ட தட்டு. "அந்தத் தட்டுல நான்தான் இப்ப சாப்பிடறேன். குடுக்க முடியாது" என்றாள் கனகலதா. பந்தியைத் தானே நடத்துவதாக மல்லுக்கு நின்றாள். கடைசியில், முதல் நாள் பந்தி ஒழுங்காக நடந்தால் விழா முழுக்க நடக்கட்டும், இல்லாவிட்டால் அறைதான் என்று முடிவானது.

அந்த முதல் நாள் இப்படி வந்து நின்றது.

விழாவின் பொறுப்பாளர் கீதாஞ்சலி அவளை ஓரமாக அழைத்தாள். சென்னைப் பெண், நல்ல பெண், கை பிசைந்துகொண்டிருந்தாள். "ஆன்ட்டி, பரவால்ல, இப்படியே போட்டுடலாம். வந்தவங்க யாருக்கும் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரியுமே."

"அப்ப கேன்சல்னு சொல்லிடவா? குழுவுல கேப்பாங்க. அந்த ரூம்..."

"இரு. நேரம் சொன்னது நான். நானே பாத்துக்கறேன்."

மேசைப் பலகை ஏற்றிவந்த வேணு தன் வேனில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர். வாத்தியார் மனைவி என்பதால் கனகலதா அவருக்கு டீச்சர். பியன்னாலே என்ற பெயரைக் கேட்ட நாளிலிருந்து பினாயில் விழா என்றே சொல்லிவருபவர்.

"வேணுண்ணே, நிழல் இப்ப எதுவரைக்கும் போயிருக்கும்?"

அவர் கிழக்கே எட்டிப் பார்த்தார். "ஊர் எல்லையத் தாண்டியிருக்கும் டீச்சர். தை மாசம் இல்ல, கீழ்பென்னாத்தூர் ரோட்டு மேலதான் போகும்."

"உங்க வண்டி அத முந்துமா?"

"ஏன் டீச்சர் இப்படி கேட்டுட்டீங்க? நெழலு நடந்து போவுது. நான் என்ன நடந்தா போறேன்? ஆனா கெளம்புறதுன்னா இப்பவே கெளம்பணும். பொழுது எறங்க எறங்க அதுவும் ஓட ஆரம்பிச்சுடும்."

மேசை அங்கேயே நின்றது. அண்டாவும் மோர்க்குழம்புச் சட்டியும் இலைக்கட்டும் வேனில் ஏறின. விருந்தினர்களை அழைத்துவந்த பஸ்ஸில் கூட்டம் ஏறியது. என்ன நடக்கிறது என்று கேட்டவர்களுக்குக் கனகலதா படியில் நின்று ஒரே வரியில் சொன்னாள். "வெயில் அந்தப் பக்கம் இருக்கு, அங்க போய் சாப்பிடறோம்." அதைக் கீதாஞ்சலி ஆங்கிலத்தில் சொன்னதும் வெளிநாட்டுக்காரர்கள் கை தட்டினார்கள்.

"எதுக்கு டீச்சர் தட்றாங்க?" என்றார் வேணு.

"தெரியல. வண்டிய எடுங்க."

முன்சீட்டில் குழம்புச் சட்டியை மடியில் அணைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கடைகள் தீர்ந்து, வயல்கள் தொடங்கி, கொஞ்ச தூரத்தில் சட்டென்று கண் கூசியது. புளியமரங்களின் ஒரு பக்கம் மஞ்சளாக எரிந்தது. அவர் இருந்திருந்தால் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருப்பார், நான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பேன் என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

கீழ்பென்னாத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் வேணுவின் மச்சானுடைய நெற்களம். பெருக்கிக்கொண்டிருந்த பெண்கள் விளக்குமாற்றோடு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அவர்களையும் உட்காரச் சொன்னாள். தரையில் இலை விழுந்தது, சாதம் விழுந்தது. சாய்ந்த வெயில் எல்லார் முதுகிலும் அடித்தது. வேணு குழம்பு ஊற்றினார். "கேட்டு வாங்கி சாப்பிடுங்க, வெட்கப்பட்டா நெழலு வந்துடும்" என்று தமிழிலேயே எல்லா நாட்டுக்காரர்களையும் மிரட்டினார்.

மேற்கே மலை சின்னதாக, நீலமாக நின்றது. சூரியன் அதன் தோளில் இறங்கியதும் தூரத்து வயல் ஒன்று மங்கியது, அடுத்தது மங்கியது, பிறகு எண்ண முடியவில்லை. வேணு சொன்னதுபோலவே அது ஓடித்தான் வந்தது. களத்தின் மஞ்சள் போனது.

"போதும்" என்றாள் கனகலதா. "கைய எடுத்துடுங்க."

எடுத்தார்கள். ஒரு வெள்ளைக்காரம்மாள் வாய்வரை கொண்டுபோன உருண்டையை இலையிலேயே திரும்ப வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். களத்துப் பெண்களில் ஒருத்தி, "இன்னா, அவ்ளோதானா? இன்னும் பொழுது இருக்கே!" என்றாள். இலைகளில் சாதம் அப்படியே கிடந்தது. சாந்திகுமார் கேட்டது இதைத்தான். இந்தப் பசி மிச்சமிருக்கும் அமைதியை.

கீதாஞ்சலி ஓடிவந்தாள். "ஆன்ட்டி! தினமும் இப்படியே பண்ணிடலாமா? வெயில துரத்திக்கிட்டு பஸ்ல போறது. யாருமே இப்படி பண்ணதில்ல. அடுத்த விழாவ கடலோர ஊர்ல வைக்கறதா பேச்சு. அங்கயும்..."

"இன்னிக்கு ஓடினது நான் நேரத்த மாத்தி சொன்னதால. நாளைக்கு தெருவுல, அவர் போட்ட மேசைல, மூணரை மணிக்கு. அட்டவணைய திருத்திடு. கடலோரத்துல மலை இல்லல்ல? அங்க இருக்கறவங்க அவங்க பொழுத வெச்சு ஏதாவது பண்ணட்டும். இது இங்கதான்."

கீதாஞ்சலி போனை எடுத்து மூன்றரை என்று குறித்துக்கொண்டாள். பிறகு தலையாட்டினாள். "சரி ஆன்ட்டி. ரூம் வேணாம்னு குழுகிட்ட சொல்லிடறேன். ஆனா போட்டோ மாட்டிட்டாங்க. பெரிய ரோஜா மாலைகூட வாங்கி வெச்சிருக்காங்க."

"போட்டோவ கழட்டி வீட்டுக்கு அனுப்பு. மாலைய வேணுண்ணன் வண்டிக்கு போடு."

"ஐயோ வேணாம் டீச்சர்" என்று பதறினார் வேணு. "செத்தவருக்கு வாங்கின மாலைய போயி..."

"அவருக்கு இன்னும் போடலியே" என்றாள் கனகலதா, காலி அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு. "அந்தப் பக்கம் பிடிங்க, ஏத்தலாம்."