நரி வெருட்டிய பிள்ளை

பிறந்து ஒன்பதே நாளான பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சுழித்தால் என்ன சொல்வார்கள்? திருநெல்வேலிக்காரர்கள் பம்பாய் தாராவிக்கு வந்தாலும் நரி வெருட்டுகிறது என்றுதான் சொல்வார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் பேராச்சியும் தன் மகனைப் பார்த்து அதைத்தான் சொன்னாள். வாய் சப்புக்கொட்டியதா, நரி. கால் இரண்டும் சைக்கிள் மிதித்தனவா, அதுவும் நரி. பக்கத்து வீட்டு முருகம்மாளைக் கூப்பிட்டு வேடிக்கை வேறு காட்டினாள்.

"பாருக்கா, எம்மவன் கனாவுல சைக்கிள் ஓட்டுதான்!"

மதியத்துக்குள் இடது கை மட்டும் விட்டு விட்டு வெட்ட ஆரம்பித்தது. கண் ஒரு பக்கமாய்ச் செருகி, உதடு நீலம் பாரித்தது. எந்த நரி இப்படி வெருட்டும்? பேராச்சி பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்த அவள் புருஷன் சொரிமுத்துவும் சேதி கேட்டு, போட்டது போட்டபடி வந்து சேர்ந்தான்.

அங்கே டாக்டர் வேங்கடசுப்ரமணியன் மாட்டுங்காத் தமிழர். வெட்டுகிற கையை மெல்லப் பிடித்தார். சும்மா நடுக்கம் என்றால் பிடித்ததும் அடங்கும். இது அவர் பிடிக்குள்ளேயும் வெட்டியது.

"பொறந்ததும் அழுதானா?"

"ஊரே கேக்க அழுதான் சார்."

அப்படியானால் மூச்சு முட்டிப் பிறக்கவில்லை. காய்ச்சலும் இல்லை, உச்சிக்குழியும் புடைக்கவில்லை. வாயில் விரலை விட்டார்; தாடை இறுகவில்லை, ஆக தொப்புள் புண்ணால் வரும் ஜன்னியும் இல்லை. சர்க்கரைத் தண்ணீரை ஊசியில் ஏற்றியும் வெட்டு நிற்கவில்லை.

"என்ன பால் குடுக்கறே?"

"எனக்குப் பால் சரியா ஊறல சார். எருமப்பால்தான். தபேலா மாட்டுத் தொழுவுல இவுகளே நின்னு, சொட்டுத் தண்ணி கலக்காம கறந்து வாங்கிட்டு வருவாக."

சொரிமுத்துவுக்கு அப்போதும் அதில் பெருமைதான்.

"அது கன்னுக்குட்டிக்குச் சுரக்கற பால்ப்பா. அதிலே இருக்கற பாஸ்பேட்ங்கற உப்பு, இந்தப் பிஞ்சு ரத்தத்திலே இருக்கற சுண்ணாம்புச் சத்தைக் கொறச்சிடறது. அதான் வலிப்பு."

அவன் முகம் செத்துப்போயிற்று.

நர்ஸ் சவரியம்மாள் பிள்ளையின் நெஞ்சில் குழலை வைத்து இதயத் துடிப்பை எண்ணினாள். சுண்ணாம்புச் சத்து மருந்து வேகமாக ஏறினால் அந்தத் துடிப்பே நின்றுபோகுமாம். தலை நரம்பில் குத்திய ஊசி வழியாக டாக்டர் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். பேராச்சி கும்பிடக்கூட மறந்து நின்றாள். பாதி மருந்துகூடப் போகவில்லை, அதற்குள் கையின் வெட்டு தளர்ந்தது, இடைவெளி விட்டது, நின்றே விட்டது. கண் நேரானது. உதட்டில் சிவப்பு ஊறியது.

"எம்மாடி!" என்றாள் பேராச்சி. செத்துக்கொண்டிருந்த பிள்ளை அவள் கண்ணெதிரே திரும்பி வந்துவிட்டான்!

"சுண்ணாம்பா சார்?" சொரிமுத்து தன் விரல்களை நீட்டினான். தோலின் மயிர் உதிர்க்கும் சுண்ணாம்புக் குழியில் வெந்துபோன விரல்கள். "நான் நெதம் முங்குத சுண்ணாம்புலயா இது இருக்கு?"

"அதே சத்துதான். ஒடம்பு தாங்கற மாதிரி மருந்தாச் செஞ்சிருக்கா."

பிள்ளை வீரிட்டு அழுதான். சொரிமுத்து கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"நாந்தான அந்தப் பால ஊத்துனேன். இந்தக் கையாலதான ஊத்துனேன்!"

"ஆமா, நீங்க ஊத்துனீக. நான் சிரிச்சுட்டு இருந்தேன்," என்றாள் பேராச்சி. "இப்பம் புள்ளயப் பிடிங்க. ஊறுன மட்டும் இனி எம்பாலுதான்; நான் ரவிக்கையத் தளத்தணும்."